மேல்மலை மாடுகளுக்கு வைக்கோலும் அடர்தீவனமும்: அளந்து சேர்க்கும் முறை

கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று நீளும் மேல்மலைக் கிராமங்களில் மாட்டுக்குத் தீனி இல்லை என்று யாரும் எளிதில் சொல்லிவிட மாட்டார்கள். கேரட் அறுவடையானால் தழையும் ஒடிந்த கிழங்கும், முட்டைக்கோஸ் வெட்டினால் வெளியிலைகளும், பட்டாணி பறித்து முடித்தால் கொடியும் கூடை கூடையாகக் கொட்டிலுக்கு வந்து சேர்கின்றன. அப்படியிருந்தும் பால் குறைகிறது. பால் இருந்தாலும் கொழுப்பு நிற்பதில்லை. கன்று ஈன்ற மாடு மூன்று மாதத்துக்குள் விலா எலும்பு தெரிய மெலிந்துவிடுகிறது. கூடையின் கனத்தைப் பார்த்துத் தீவனம் போடுகிறோமே தவிர, அதில் தண்ணீர் போக மிஞ்சுவது எவ்வளவு என்று நாம் பார்ப்பதில்லை. தண்ணீர் போக மிஞ்சுவதைத்தான் உலர்பொருள் என்கிறோம். கீழே வரும் எல்லாக் கணக்கும் உலர்பொருளில்தான் நடக்கும்.

முதலில் மாட்டின் வயிற்றைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். நாம் போடும் தீவனத்தை முதலில் தின்பவை மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிரிகளே. மாடு அவற்றின் உழைப்பிலும் அவற்றின் உடலிலும் இருந்துதான் தன் சத்தைப் பெறுகிறது. வைக்கோல், தட்டை, புல் முதலிய நார்த்தீவனத்தை அவை நொதிக்கவைக்கும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலம் பாலின் கொழுப்பாகிறது. மக்காச்சோளம், அரிசி, கிழங்கு போன்ற மாவுப்பொருளை நொதிக்கவைக்கும்போது புரோப்பியானிக் அமிலம் கூடுதலாக உண்டாகிப் பாலின் அளவுக்கும் உடலின் வலுவுக்கும் உதவுகிறது. நார் குறைந்து மாவு மிகுந்தால் மாடு அசைபோடும் நேரம் குறையும். அசைபோடாத மாட்டுக்குப் போதிய உமிழ்நீர் சுரக்காது. ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கும் மேல் சுரந்து வயிற்றின் புளிப்பை ஆற்றும் அந்த உமிழ்நீர் குறைந்தால் வயிறு புளித்து, மாடு தீனி எடுக்காமல் நின்றுவிடும். இதற்கு நேர்மாறாக வெறும் வைக்கோலை மட்டும் போட்டால் நுண்ணுயிரிகளுக்குப் புரதம் கிடைக்காமல் அவை பெருகுவதில்லை. வைக்கோல் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடுவதால், முன்னால் தீனி குவிந்து கிடந்தாலும் மாடு தின்னாது. தீவனத்தின் மொத்தப் புரதம் உலர்பொருளில் 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் இந்த நிலை வரும். நெல் வைக்கோலில் இருப்பதோ 3 முதல் 4 விழுக்காடுதான்.

எடையும் உலர்பொருளும்

தராசில் ஏற்றாமலேயே மாட்டின் எடையை அறியலாம். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி நாடாவால் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரை நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வருவதை 660 ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 65 அங்குலமும் நீளம் 55 அங்குலமும் உள்ள ஜெர்சி கலப்பினப் பசு ஏறக்குறைய 350 கிலோ இருக்கும். பால் கறக்கும் பசு தன் எடையில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு வரை உலர்பொருள் தின்னும் என்பதால், இந்தப் பசுவுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 10 கிலோ உலர்பொருள் வேண்டும்.

ஒரு தீவனத்தில் உலர்பொருள் எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கிலோ தீவனத்தைப் பொடியாக நறுக்கி, அகலமான சட்டியில் பரப்பி, விறகடுப்பின் ஓரச் சூட்டில் கருகாமல் காயவிட்டு, அடுத்தடுத்து இரண்டு முறை நிறுத்துப் பார்த்தும் எடை மாறாமல் நிற்கும் வரை தொடருங்கள். மிஞ்சும் எடையே உலர்பொருள். மஞ்சு மூடிய நாட்களில் வெயிலை நம்பி இதைச் செய்தால் இரண்டு நாளாகியும் முடியாது. பொதுவாக வைக்கோலிலும், மாவும் பிண்ணாக்கும் தவிடும் கலந்த அடர்தீவனத்திலும் கிலோவுக்கு 900 கிராம், பசும் ஓட்ஸிலும் கிக்கூயு புல்லிலும் 200 கிராம் அளவு, உருளைக்கிழங்கில் 200 கிராமுக்குச் சற்று மேல், கேரட்டில் 120 கிராம், முட்டைக்கோஸ் இலையில் 100 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 25 கிலோ முட்டைக்கோஸ் இலையைத் தூக்கி வந்து போட்டுவிட்டு வயிறு நிறைந்தது என்று நாம் நினைக்கிறோம். அதில் உள்ள உலர்பொருள் மூன்று கிலோ வைக்கோலில் உள்ளதைவிடக் குறைவு.

ஒரு நாள் தீவனத்துக்கு ஒரு கணக்கு

350 கிலோ எடையுள்ள, நாளைக்கு 8 லிட்டர் கறக்கும் பசுவை எடுத்துக்கொள்வோம். தன் உடலைப் பேண அதற்குச் சுமார் 2.8 கிலோ செரிக்கும் சத்தும் (தீவனத்தில் மாடு செரித்து எடுத்துக்கொள்ளும் மொத்தச் சத்து) 300 கிராம் புரதமும் தேவை. நான்கு விழுக்காடு கொழுப்புள்ள ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 320 கிராம் செரிக்கும் சத்தும் 90 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும். ஆக மொத்தம் 5.4 கிலோ செரிக்கும் சத்து, ஒரு கிலோவுக்குச் சற்று மேல் புரதம்.

இதற்கு 4 கிலோ வைக்கோல், 15 கிலோ பசும் ஓட்ஸ், மூன்றரை கிலோ அடர்தீவனம் என்று கொடுத்துப் பாருங்கள். வைக்கோலிலிருந்து 3.6 கிலோ உலர்பொருளும் ஒன்றரை கிலோ செரிக்கும் சத்தும் 140 கிராம் புரதமும் வருகின்றன. ஓட்ஸிலிருந்து 3 கிலோ உலர்பொருளும் 1.8 கிலோ செரிக்கும் சத்தும் 270 கிராம் புரதமும் சேர்கின்றன. நூற்றுக்கு இருபது பங்கு புரதமுள்ள அடர்தீவனம் மீதியை, அதாவது 3.15 கிலோ உலர்பொருளையும் 2.4 கிலோ செரிக்கும் சத்தையும் 700 கிராம் புரதத்தையும் தருகிறது. கூட்டினால் உலர்பொருள் 9.75 கிலோ, செரிக்கும் சத்து 5.7 கிலோ, புரதம் 1.1 கிலோ. தேவைக்குச் சற்றே மிகுதி. குளிர்மலையில் அது வீணாகாது. உலர்பொருளில் மூன்றில் இரண்டு பங்கு நார்த்தீவனம், ஒரு பங்கு அடர்தீவனம் என்று அமைந்திருப்பதைக் கவனியுங்கள். நம் ஊர்க் கலப்பினப் பசுக்களுக்கு இந்த இரண்டுக்கு ஒன்று என்ற பங்கே பெரும்பாலும் போதும். 15 லிட்டருக்கு மேல் கறக்கும் மாட்டுக்கு அடர்தீவனம் பாதியை நெருங்கலாம். அதற்கு மேல் ஏற்றுவது வயிற்றைப் புளிக்கவைக்கும் வேலை.

இவ்வளவு கணக்குப் பார்க்க முடியாதவர்கள் பழைய விதியைப் பின்பற்றலாம். உடலைப் பேண ஒன்றரை கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் பசுவுக்கு ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ, எருமைக்கு ஒவ்வொரு இரண்டு லிட்டருக்கும் ஒரு கிலோ, சினையின் கடைசி இரண்டு மாதங்களில் கூடுதலாக ஒரு கிலோ முதல் ஒன்றரை கிலோ. நல்ல பசுந்தீவனம் வயிறார இருந்தால் உடலுக்கான அந்த ஒன்றரை கிலோவை விட்டுவிடலாம். மேலே சொன்ன கணக்கில் மூன்றரை கிலோ போதுமானதாக இருந்ததற்கு ஓட்ஸே காரணம். வைக்கோல் மட்டும் உள்ள மாதங்களில் இந்த விதியின்படி முழு அளவும் கொடுக்க வேண்டும்.

கேரட் பசுந்தீவனம் அல்ல

மேல்மலையில் பெரும் குழப்பம் இங்கேதான். கேரட்டும் உருளைக்கிழங்கும் ஈரமாகவும் மண்ணிலிருந்தும் வருவதால் அவற்றைப் பசுந்தீவனத்தோடு சேர்த்து எண்ணுகிறோம். உண்மையில் அவை தண்ணீர் கலந்த அடர்தீவனம். கேரட்டின் உலர்பொருளில் பெரும்பகுதி சர்க்கரை, உருளைக்கிழங்கில் மாவு. ஆகவே இவற்றைக் கொடுக்கும்போது குறைக்க வேண்டியது அடர்தீவனத்தையே தவிர வைக்கோலை அல்ல. ஓர் ஆண்டு கேரட் விலை அடியோடு விழுந்தபோது, சும்மா கிடைக்கிறதே என்று என் கொட்டிலில் ஒரு மாட்டுக்கு 25 கிலோ வரை கொட்டி, வைக்கோலைப் பாதியாகக் குறைத்தேன். பால் ஒரு லிட்டர் கூடியது. கொழுப்பு ஒரு வாரத்தில் 4-லிருந்து 3-க்கு வந்துவிட்டது. சாணம் தண்ணீராய்ப் போயிற்று. பால் சங்கத்தில் கொழுப்பைப் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள் என்பதால், கூடிய ஒரு லிட்டரில் எனக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

சரியான மாற்று இப்படி அமையும். 7 கிலோ கேரட்டில் சுமார் 840 கிராம் உலர்பொருளும், ஒரு கிலோ அடர்தீவனத்தில் இருக்கும் அளவு செரிக்கும் சத்தும் உண்டு. ஆனால் புரதம் 80 கிராம்தான், அடர்தீவனத்திலோ 200 கிராம். எனவே 7 கிலோ கேரட் கொடுத்து ஒரு கிலோ அடர்தீவனத்தைக் குறைக்கும்போது, விட்டுப்போகும் புரதத்தை ஈடுசெய்ய 300 கிராம் கடலைப் பிண்ணாக்கைச் சேர்க்க வேண்டும். ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்குக் கேரட் 10 முதல் 15 கிலோ, உருளைக்கிழங்கு 10 கிலோ என்பதை மேல்வரம்பாகக் கொள்ளுங்கள். அந்த அளவையும் முதல் நாளே கொடுக்காமல் ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக எட்டுங்கள். கிழங்கை முழுதாகப் போட்டால் தொண்டையில் அடைத்து மாடு உப்பி இறந்துபோகக்கூடும் என்பதால் நறுக்கித்தான் போட வேண்டும். பச்சை படர்ந்த கிழங்கிலும் முளைவிட்ட கிழங்கிலும் உருளைச் செடியின் பச்சைத் தழையிலும் சோலனின் என்னும் நஞ்சு இருப்பதால் அவற்றைக் கொட்டிலுக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

முட்டைக்கோஸ், காலிபிளவர் இலைகளில் புரதம் நன்றாக உண்டு, ஆனால் நார் மிகக் குறைவு. அளவுக்கு மிஞ்சினால் சிவப்பணுக்களை அழித்து இரத்தசோகையை உண்டாக்கும் பொருளும், தைராய்டைத் தாக்கும் பொருளும் அவற்றில் உள்ளன. நாளைக்கு 10 கிலோவுக்குள் நிறுத்திக்கொண்டு, பாலில் வாடை ஏறாமல் இருக்கக் கறந்த பிறகே கொடுக்க வேண்டும். பூண்டுத் தாளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், இன்னும் கடுமையாகவே. கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியதாக இருக்கலாம். மாட்டின் பாலில் அதன் மணம் வந்தால் வாங்குபவர் அடுத்த நாள் வர மாட்டார். பீட்ரூட் இலையில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி என்பதால் வாடவிட்டுச் சிறிதளவே கொடுக்கலாம். இவை எல்லாவற்றிலும் நான் நம்பிக்கையோடு கொடுப்பது பட்டாணிக் கொடியும் பீன்ஸ் கொடியும்தான். வைக்கோலைவிட மும்மடங்கு புரதம் உள்ள இவற்றைக் காயவைத்து மூட்டை கட்டினால் கோடையில் கைகொடுக்கும். ஈரமாக வெறும் வயிற்றில் போட்டால் மட்டும் வயிறு உப்பும்.

எந்தக் காய்கறிக் கழிவானாலும் கடைசியாக என்றைக்கு மருந்து அடித்தார்கள் என்று தோட்டக்காரரைக் கேட்காமல் வாங்காதீர்கள். நாம் கழித்துப்போடும் வெளியிலையில்தான் மருந்து அதிகம் படிந்திருக்கும்.

வைக்கோலை வாங்குவதும் வைப்பதும்

காய்கறி இவ்வளவு கிடைக்கும் ஊரில் மலைப்பாதை வழியே வைக்கோல் ஏற்றிவருவது வீண்செலவு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஈரத் தீவனம் எவ்வளவு இருந்தாலும் ஒரு பசுவுக்கு நாளைக்குக் குறைந்தது 3 கிலோ உலர்ந்த நார்த்தீவனம் இருந்தால்தான் அது நன்றாக அசைபோடும். அடர்தீவனத்துக்கு நாம் செலவழிக்கும் பணம் பாலாக மாறுவதும் அதனால்தான். ஆனால் லாரிக்கு வாடகை எடைக்கு அல்ல, இடத்துக்கு. அதனால் உதிரி வைக்கோலைவிட இயந்திரம் கட்டிய கட்டுகளே மலைக்கு ஏற்றவை. பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்து மக்காச்சோளத்தட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. வைக்கோலில் செரிக்கும் சத்து நூற்றுக்கு 40 முதல் 45 என்றால் தட்டையில் 50-ஐத் தாண்டும், புரதமும் சற்றுக் கூடுதல். எல்லாவற்றையும்விடச் சத்துள்ள கடலைக்கொடியில் புரதம் 10 விழுக்காடு அளவு உண்டு. இரண்டு பங்கு வைக்கோலுக்கு ஒரு பங்கு கடலைக்கொடி என்று கலந்துகொள்வது என் வழக்கம். தட்டையையும் வைக்கோலையும் ஒன்று முதல் இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கினால் வீண் குறையும். தூளாக்கிவிட்டால் அசைபோட வைக்கும் குணமே போய்விடும்.

ஐப்பசி மழை தொடங்கும் முன்பே கையிருப்பைச் சேர்த்துவிடுங்கள். மண்தரையில் அடுக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்க வேண்டும். மஞ்சு நேரடியாக உள்ளே வரும் பக்கத்தை மறைக்க வேண்டும். பூசணம் பூத்த வைக்கோலைக் காயவைத்துத் தட்டிக் கொடுப்பது சிக்கனம் அல்ல. அந்த நஞ்சு காய்ந்தாலும் போகாது.

யூரியா ஊட்டம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, அடுக்கடுக்காக மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வைத்தால் புரதம் 7, 8 விழுக்காட்டுக்கு உயரும், நாரும் இளகும் என்று கையேடுகளில் இருக்கிறது. அது சமவெளிக்கான கணக்கு. யூரியா அம்மோனியாவாக உடைந்து நாரில் வேலை செய்யச் சூடு வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே அந்த வேலை மெல்லத்தான் நடக்கும். மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும் நம் ஊரில் 21-ஆம் நாள் பிரித்தால் உடையாத யூரியா அப்படியே இருக்கும், அது மாட்டுக்கு நஞ்சாகலாம். சித்திரை, வைகாசியில் மட்டும் செய்து, அப்போதும் ஐந்து வாரத்துக்குக் குறையாமல் மூடி வையுங்கள். பிரிக்கும்போது வைக்கோல் பழுப்பேறி இளகியிருக்க வேண்டும், கண்ணைக் கரிக்கும் நெடி அடிக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி மூடிவிடுங்கள். எடுத்ததை ஒரு மணி நேரம் ஆறவிட்டே கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கூடவே கூடாது. ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர் இதில் இறங்காமல் கடலைக்கொடியோடு நின்றுகொள்வதே என் யோசனை.

அடர்தீவனக் கலவை

வீட்டில் கலப்பவர்கள் 100 கிலோவுக்கு மக்காச்சோள மாவு 37, கடலைப் பிண்ணாக்கு 28, கோதுமைத் தவிடு 20, எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு 12, தாது உப்புக் கலவை 2, சமையல் உப்பு 1 கிலோ என்று எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு இருபதை ஒட்டிய புரதமும் 68 அளவு செரிக்கும் சத்தும் கிடைக்கும். பிண்ணாக்கை இரண்டு மூன்று வாரத்துக்கு ஆகும் அளவே வாங்குங்கள். ஈரக்காற்றில் அதில் பூக்கும் பூசணத்தின் அஃப்ளாடாக்சின் நஞ்சு பாலுக்கும் இறங்கிவிடும். தாது உப்பை விலை பார்த்து விட்டுவிடாதீர்கள். வைக்கோலில் உள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவைத்துவிடுவதால், வைக்கோல் தின்னும் மாட்டுக்கு அது கட்டாயம்.

கொடுக்கும் ஒழுங்கு

காலையில் வெறும் வயிற்றில் அடர்தீவனம் போடாமல் முதலில் கொஞ்சம் வைக்கோலைக் கொடுத்து அசைபோட வையுங்கள். அடர்தீவனத்தைக் காலை, மாலை எனப் பல வேளைகளாகப் பிரித்து, ஒரு வேளைக்கு இரண்டு கிலோவைத் தாண்டாமல் கொடுங்கள். வைக்கோலின் பெரும்பகுதியை இரவுக்கு ஒதுக்குங்கள். நார் நொதிக்கும்போது உண்டாகும் வெப்பம் உறைபனி இரவில் மாட்டை உள்ளிருந்து காக்கும். காலையில் பனி உருகாத புல்லில் மேய விடாதீர்கள். தண்ணீர் பனிக்கட்டிபோல் இருந்தால் மாடு குறைவாகக் குடிக்கும், குடிக்காத மாடு வைக்கோலைத் தின்னாது; கை பொறுக்கும் வெதுவெதுப்பில் கொடுத்தால் தீனி எடுப்பதில் வேறுபாடு தெரியும். சுற்றுலா நாட்களில் உணவகங்களில் மிஞ்சும் சோற்றை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவது இங்கே பரவலாக உள்ளது. ஒரே வேளையில் பத்துக் கிலோ சோறு தின்ற மாடு மறுநாள் எழாமல் போவதற்கு எந்த நோயும் தேவையில்லை.

கணக்கு சரியா என்பதை மாடே சொல்லும். படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஓர் உருண்டையை ஐம்பது அறுபது முறை மெல்ல வேண்டும். சாணம் நுரைத்துத் தண்ணீராக, உடையாத மக்காச்சோளத்தோடு விழுந்தால் அடர்தீவனமோ கிழங்கோ மிகுதி. கட்டி கட்டியாக, அடுக்கடுக்காக விழுந்தால் புரதமோ தண்ணீரோ போதவில்லை. பால் கூடிக் கொழுப்பு விழுந்தால் நார் குறைவு. கொழுப்பு இருந்து பாலும் உடலும் குறைந்தால் அடர்தீவனம் குறைவு. அடர்தீவனத்தின் அளவை மூன்று நாளைக்கு ஒரு முறை அரைக் கிலோவுக்கு மேல் மாற்றாதீர்கள்.

கீழ்மலையிலும் ஆடுகளுக்கும்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்தில் கணக்கு சற்று மாறும். அங்கே காப்பித் தோட்டத்து நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் நிற்கும் முள்முருங்கையின் தழை, பிண்ணாக்கின் ஒரு பகுதியை ஈடுசெய்யும் அளவுக்குப் புரதம் கொண்டது. நாளைக்கு 5 கிலோ வரை வைக்கோலோடு கலந்து கொடுக்கலாம். வாழைத்தண்டோ பெரும்பாலும் தண்ணீர். கோடையில் தாகத்துக்கு ஆகும், தீவனமாக எண்ணக் கூடாது.

மன்னவனூர்ப் பக்கத்தில் செம்மறி வைத்திருப்பவர்கள் 30 கிலோ ஆட்டுக்கு ஒரு கிலோ உலர்பொருள் என்றும், அதில் அடர்தீவனம் 200 முதல் 250 கிராம் என்றும் வைத்துக்கொள்ளலாம். மாட்டுக்கான தாது உப்புக் கலவையை மட்டும் செம்மறிக்குப் போடாதீர்கள். மாட்டுக்கு வேண்டிய அளவு தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்து பல வாரங்கள் வெளியே தெரியாமல் இருந்து, பிறகு ஒருநாள் சிறுநீர் சிவந்து ஆடு விழும்போதுதான் தெரியவரும்.